பாட்டு இருக்கட்டும், கதையை மாற்றுவோம்

வாலிபர் முகாம்களில் பிரசங்கியார்கள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதை இனிமேல் அப்படிச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

கதை இதுதான். இங்கிலாந்தில் லண்டனுக்கு வடமேற்கே வாட்ஃபோர்ட் என்றொரு ஊர். அங்கே வாலிபர்கள் திரளும் ஒரு சபை. காலம் 1990-களின் பிற்பகுதி. கிட்டார், டிரம்ஸ், தரமான ஸ்பீக்கர், நல்ல பாடகர் என்று எதற்கும் குறைவில்லை. ஆனாலும் போதகருக்கு மனசு கேட்கவில்லை. ஜனங்கள் பாட்டை ரசிக்க வருகிறார்களே ஒழிய ஆண்டவரைத் தேடி வரவில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது. மைக், ஸ்பீக்கர், வாத்தியம் எல்லாவற்றையும் ஏறக்கட்டச் சொல்லிவிடுகிறார். காணிக்கையாக நீ என்ன கொண்டுவந்தாய் என்று சபையாரைக் கேட்கிறார். சில வாரங்கள் எல்லோரும் சங்கடப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு வெறும் வாயால் பாடப் பழகுகிறார்கள். வாத்தியம் இல்லாமல் நின்ற பாடகர் தன் அறைக்குப் போய் ஒரு பாட்டு எழுதுகிறார். அந்தப் பாட்டு உலகைச் சுற்றி வருகிறது.

பாட்டின் பெயர் 'த ஹார்ட் ஆஃப் ஒர்ஷிப்'. எழுதியவர் மேட் ரெட்மன். ஆனால் நம் மேடைகளில் கதை சொல்லப்படும் விதத்தில் நாயகன் அவர் அல்ல, ஸ்பீக்கரைக் கழற்றிய போதகர். என்ன தாழ்மை, என்ன துணிச்சல் என்று முடிப்பார்கள். பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். அந்தப் போதகரின் பெயர் மைக் பிலாவாச்சி.

நான் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சேகரத்தில் பெரியவர்களின் கொயருக்கும் வாலிபர்களின் ஒர்ஷிப் டீமுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி கொடுக்கிறேன். ஞானப்பாட்டும் கீர்த்தனையும் என் தலைமுறைக்கு உயிர். இந்தப் பிள்ளைகளோ தமிழ்ப் பாட்டையே ஆங்கில எழுத்தில் தட்டித் திரையில் போட்டுப் படிக்கிறவர்கள். ஆங்கில ஆராதனையில் ரெட்மன் பாட்டு இல்லாத மாதம் அபூர்வம். அதனால் அவர் பாட்டுகளை உட்கார்ந்து, பிரித்து, கார்டு கார்டாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. கிறிஸ்தவர் அல்லாத வாசகர்கள் இதை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். திறமையுள்ள ஒரு பிள்ளையை ஒரு பெரியவர் கையில் ஒப்படைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. பாட்டு வாத்தியார், கிரிக்கெட் கோச், நாட்டிய ஆசிரியை, மடம், கட்சி, சபை, எங்கே வேண்டுமானாலும் இதைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெட்மன் 1974 பிப்ரவரி 14 அன்று வாட்ஃபோர்டில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்துச் சோர்லிவுட் கிராமத்தில். ஏழு வயதில் தகப்பனார் தவறிப்போனார். அது தற்கொலை என்பது பிள்ளைக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதோடு துன்பம் நிற்கவில்லை. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கும் ஆளானதாக அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். இப்படிப்பட்ட பையனுக்குப் புகலிடமாக இருந்தது உள்ளூர் ஆங்கிலிக்கன் சபையான பரிசுத்த அந்திரேயா ஆலயம். நம் சி.எஸ்.ஐ. சபைக்குத் தாய்வழி உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவில் பேராயராக இருந்து திரும்பிய டேவிட் பிட்சஸ் அங்கே ஆயர். பழைய ஓர்கன் பாட்டோடு கிட்டார் பாட்டும் கலந்து ஒலித்த சபை அது. வாலிபர் ஊழியத்தைக் கவனித்தவர் பிலாவாச்சி. தகப்பன் இல்லாத பையனின் கையில் கிட்டார் இருப்பதைக் கண்டு, பாடச் சொல்லி முன்னால் நிறுத்தியவரும் அவரே.

1993-இல் 'சோல் சர்வைவர்' என்ற பெயரில் வாலிபர்களுக்கான கோடை முகாமை பிலாவாச்சி தொடங்கினார். இடம் சாமர்செட் மாவட்டத்தில் விவசாயக் கண்காட்சி நடக்கும் ஒரு மைதானம். கூடாரம் அடித்துத் தங்கி, காலையும் இரவும் கூடிப் பாடுவார்கள். பாட்டை நடத்தியவர் 19 வயது ரெட்மன். அதே ஆண்டில் அவருடைய முதல் ஆல்பம் வந்தது. அதே பெயரில் வாட்ஃபோர்டில் ஒரு சபையும் எழுந்தது. முகாம் 2019 வரை நடந்தது. உச்சக் காலத்தில் ஒரு கோடையில் 30,000 பேர் வரை வந்தார்கள். இங்கிலாந்தில் ஆலயங்கள் காலியாகிக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய கூட்டம் என்று யோசித்துப் பாருங்கள். பிலாவாச்சிக்கு 2020-இல் அரசாங்கமே எம்.பி.இ. பட்டம் கொடுத்து மரியாதை செய்தது. இளைஞர்களுக்கு ஆற்றிய சேவைக்காக.

ரெட்மனின் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'ஒர்ஷிப் லீடர்' என்பவர் கச்சேரிப் பாடகர் அல்ல. அவர் குரலைக் கேட்க யாரும் வருவதில்லை, வரவும் கூடாது. பாட வந்தவர்களைப் பாடவைப்பதுதான் அவர் வேலை. அதனால் பாட்டு எழுதும்போதே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. சுருதி மேலே போனால் பெரியவர்களுக்கு எட்டாது, கீழே இறங்கினால் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. சங்கதி போட்டால் கூட்டம் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். இரண்டாவது தடவை பாடும்போதே தாளைப் பார்க்காமல் பாட வர வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்குள் அலுக்காத மெட்டு ஒன்றைப் போடுவது எவ்வளவு கடினம் என்பது முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ரெட்மனுக்கு அது கை வந்த கலை. 1995-லேயே 'ஒன்ஸ் அகெய்ன்', 'பெட்டர் இஸ் ஒன் டே' என்று இரண்டு பாட்டுகள் சபைகளில் நிலைத்துவிட்டன. அப்போது அவருக்கு 21 வயது.

அவருடைய ஆகப் பெரிய பாட்டு 2011-இல் வந்த 'டென் தவுசண்ட் ரீசன்ஸ்'. ஸ்வீடனைச் சேர்ந்த ஜோனஸ் மைரினோடு சேர்ந்து எழுதியது. அடிப்படை 103-ஆம் சங்கீதம். எங்கள் கிட்டார்ப் பையன்கள் இதை ஜி-யில் வாசிப்பார்கள். ஜி பாட்டு என்றால் ஜி-யில்தானே தொடங்க வேண்டும்? இது சி-யில் தொடங்கும். அதாவது வீட்டுப் படியிலிருந்து புறப்படாமல், வெளியே நின்று வீட்டைப் பார்த்து வருகிற மெட்டு. ஒவ்வொரு வரியும் அந்த ஜி-யைத் தேடி வந்து தொட்டு, மறுபடி விலகி, கடைசியில்தான் முழுசாக உட்காரும். புதுப் பையன்கள் முதல் நாள் இங்கேதான் தடுமாறுவார்கள். இன்னொரு விஷயம், பல ஆங்கிலப் பாட்டுகளில் சரணம் முதலில் வந்து பிறகுதான் கோரஸ் வரும். இதில் எடுத்த எடுப்பிலேயே கோரஸ். நம் கீர்த்தனையில் பல்லவி வருகிற மாதிரி. எங்கள் ஊர்ச் சபையார் இதை இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பல்லவி எடுத்து, சரணம் பாடி, மீண்டும் பல்லவிக்கு வருவது நம் காதுக்கு இருநூறு வருஷப் பழக்கம்.

அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பம், அட்லாண்டாவில் ஆராதனை நடத்துபவர்களுக்காக நடந்த கூட்டம் ஒன்றில் நேரடியாகப் பதிவானது. 2013-இல் அந்தப் பாட்டுக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. சோர்லிவுட் பையன் இதற்குள் அமெரிக்க ஆராதனை இசையுலகின் நடுநாயகமாகிவிட்டிருந்தார். கிரிஸ் டாம்லின் போன்ற பாடலாசிரியர்களோடு சேர்ந்து எழுதினார். அட்லாண்டாவில் ஒரு புதிய சபை உருவாகும்போது குடும்பத்தோடு போய் உதவினார்.

இதில் பணமும் உண்டு. 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய சி.சி.எல்.ஐ. என்ற நிறுவனத்திடம் சபைகள் தங்கள் அளவுக்கேற்ப ஆண்டுக் கட்டணம் கட்டுகின்றன. எந்தப் பாட்டைப் பாடினோம் என்று கணக்குக் கொடுக்கின்றன. அதைப் பார்த்து எழுதியவருக்குப் பங்கு போகிறது. ஆண்டவர் பாட்டுக்குக் காசா என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே நிறைய. அரிசிக் கடைக்காரர் பாடலாசிரியருக்கு இலவசமாக அளக்கும் நாள் வரட்டும், அப்போது பேசுவோம்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. 2010 முதல் 2020 வரை அமெரிக்கச் சபைகளில் அதிகம் பாடப்பட்ட பாட்டுகளை ஆராய்ந்தவர்கள், பட்டியலின் உச்சிக்கு வந்த 38 பாட்டுகளில் 36 பாட்டுகள் நான்கே நான்கு பெரும் சபைகளோடு தொடர்புள்ளவை என்று 2023-இல் சொன்னார்கள். ஹில்சாங், பெத்தேல், எலிவேஷன், பேஷன் என்பவை அந்த நான்கு. பாட்டு தனியாகப் பயணம் செய்வதில்லை. அதை வெளியிட்ட சபையின் பெயரும், அந்தச் சபைத் தலைவரின் பெயரும் சேர்ந்தே வந்து இறங்குகின்றன. நல்ல பாட்டு வருகிற இடத்தில் நல்ல மனுஷர்தான் இருப்பார் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். ஹில்சாங் நிறுவனர் பிரையன் ஹூஸ்டன் இரண்டு பெண்களிடம் நடந்துகொண்ட விதம் குறித்த புகார்களுக்குப் பின் 2022 மார்ச்சில் பதவி விலகினார். அவருடைய சபைப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்த எத்தனையோ சபைகள் அன்று கையைப் பிசைந்தன.

ரெட்மன் பாட்டுகளில் என் மனசுக்கு மிக நெருக்கமானது 'ப்ளெஸ்ஸட் பி யுவர் நேம்'. மனைவி பெத்தோடு சேர்ந்து எழுதி 2002-இல் வெளியிட்டார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் கொஞ்ச நாளில் அவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். நாடே இழவு வீடாக இருந்தபோது, துக்கத்தைப் பாட ஆலயங்களில் பாட்டே இல்லை என்பதைக் கண்டார்கள். எல்லாம் வெற்றிப் பாட்டு, எல்லாம் சந்தோஷப் பாட்டு. பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபு, அந்த நிலையிலும் ஆண்டவர் பெயரைத் துதிக்கிற இடத்தை எடுத்துக்கொண்டு இந்தப் பாட்டை எழுதினார்கள். எங்கள் ஊரில் ஒரு துக்க வீட்டில், மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி இந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டார். பிள்ளைகள் கிட்டாரைத் தொடப் பயந்தார்கள், அந்த அம்மாவே தொடங்கிவைத்தார். இதை எழுதியவர்கள் துக்கத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்ல என்பதை அன்றே உணர்ந்தேன்.

தமிழர்கள் அறிய வேண்டிய இன்னொரு சம்பவமும் உண்டு. இந்தோனேசியாவில் ஹெராயின் கடத்தல் வழக்கில் 2005-இல் கைதான ஒன்பது ஆஸ்திரேலியர்களில் ஒருவர் மயூரன் சுகுமாரன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து சிட்னியில் வளர்ந்தவர். மரண தண்டனைக் கைதியாகச் சிறையில் இருந்த காலத்தில் ஓவியரானார். கூட்டாளி ஆண்ட்ரூ சான் சிறைக்குள்ளேயே போதகரானார். 2015 ஏப்ரல் 29 நள்ளிரவு கடந்து நுசகம்பாங்கன் தீவில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கண்ணைக் கட்ட வேண்டாம் என்று அவர்கள் மறுத்தார்கள் என்றும், துப்பாக்கிகளுக்கு எதிரே நின்று பாடினார்கள் என்றும் உடன் சென்ற ஆயர்கள் வெளியே வந்து சொன்னார்கள். பாடிய பாட்டுகளில் ஒன்று ரெட்மனின் 'டென் தவுசண்ட் ரீசன்ஸ்'. செய்த குற்றம் குற்றம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு பாட்டு எங்கே போய் யார் வாயில் உட்காரும் என்பது எழுதியவர் கையிலும் இல்லை, வெளியிட்ட சபையின் கையிலும் இல்லை.

இனி 2023-க்கு வருவோம். அந்த ஏப்ரலில் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் பிலாவாச்சி மீதான புகார்கள் வெளியாயின. ஜூலையில் அவர் பதவி விலகினார். தன்னால் புண்பட்டவர்களிடம் மன்னிப்பும் கேட்டார். செப்டம்பரில் இங்கிலாந்துத் திருச்சபையின் பாதுகாப்புக் குழு தன் விசாரணை முடிவை அறிவித்தது. ஆவிக்குரிய அதிகாரத்தைப் பயன்படுத்தி அவர் ஆட்களைக் கட்டுப்படுத்தினார், வாலிபர்களோடு மல்லுக்கட்டினார், தன்னிடம் பயிற்சிக்கு வந்த இளைஞர்களுக்கு மசாஜ் செய்தார், அந்தக் கட்டுப்பாடு முறையற்ற உறவுகளுக்கு வழிவகுத்தது என்பது அதன் சாரம். சோர்லிவுட்டில் வாலிபர் ஊழியராக இருந்த காலம் முதல் இது நடந்திருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு அல்ல இது, திருச்சபையே விசாரித்து எட்டிய முடிவு. பிறகு வாட்ஃபோர்ட் சோல் சர்வைவர் சபையே அமர்த்திய வழக்கறிஞர் ஃபியோனா ஸ்கோல்டிங்கின் அறிக்கை 2024 செப்டம்பரில் வந்தது. புகார்களைத் தலைமை கையாண்ட விதத்தை அது கடுமையாகக் குறை சொன்னது.

பாதிக்கப்பட்டவர்களில் தானும் ஒருவன் என்று ரெட்மன் 2023-இல் மனைவியோடு சேர்ந்து அறிக்கை விட்டார். அடுத்த ஆண்டு 'லெட் தேர் பி லைட்' என்ற ஆவணப்படத்தில் தன் வாயாலேயே விவரங்களைச் சொன்னார். சிறுவயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பற்றி நம்பி மனந்திறந்தது பிலாவாச்சியிடம்தான். அந்தப் பேச்சுக்குப் பிறகும் மல்லுக்கட்டு நடந்தது என்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு என்னால் அன்று சாப்பிட முடியவில்லை.

ஐம்பது வயதைத் தொட்ட மனிதர், இரண்டு கிராமி வாங்கியவர், உலகம் முழுவதும் பாட்டுப் போய்ச் சேர்ந்தவர். அவருக்கே இதை உரக்கச் சொல்ல இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நம் ஊரில் பதினெட்டு வயதுப் பையனுக்கு எவ்வளவு காலம் ஆகும்?

எங்கள் டீமில் பேஸ் கிட்டார் வாசிக்கும் பையன் ஒருநாள் பயிற்சி முடிந்தும் போகாமல் நின்றான். "டீச்சர், இனி இந்தப் பாட்டப் பாடலாமா, கூடாதா?"

"ஏம்ல கேக்க?"

"யூடியூப்ல அந்தப் படம் பாத்தேன் டீச்சர். மனசு ஒரு மாதிரி ஆயிட்டு. அந்தாளு சபையில வந்த பாட்டுதான இது?"

நியாயமான கேள்வி. அதற்கு என் பதில் இது. அந்தப் பாட்டு அந்த ஆளுடையது அல்ல, ரெட்மனுடையது. அந்தச் சபையோடு சேர்த்து அதையும் தூக்கி எறிந்தால், அடிபட்டவனுக்கே இன்னொரு அடி கொடுத்த மாதிரி. எழுதியவரிடமே குறை இருக்கும் பாட்டுகளைக்கூட நாம் பாடிக்கொண்டுதான் இருக்கிறோம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் ரெட்மனுக்குச் சரியாக இருநூறு வருஷம் மூத்தவர், 1774-இல் பிறந்தவர். அவர் கீர்த்தனை இல்லாத தமிழ்ச் சபை இல்லை. அதே சாஸ்திரியார், ஆலயத்துக்குள் சாதி வழக்கங்களை ஒழிக்க வேண்டும் என்று இளம் மிஷனரிகள் சொன்னபோது அந்த வழக்கங்களைத் தாங்கி எழுதியவர். அதை அறிந்தவர்கள் அறிந்தே பாடுகிறோம். நான் பாடுகிறேன், பிள்ளைகளுக்கு அந்த வரலாற்றையும் சேர்த்தே சொல்லுகிறேன். ரெட்மன் விஷயத்தில் எழுதியவர் பக்கம் குற்றமே இல்லை. பாடுவதற்கு என்ன தடை?

தடை பாட்டுக்கு அல்ல, கதைக்கு. ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்ன முடிவையே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நாட்களால் சபைக்கு நன்மை வந்தது என்று ரெட்மனே பல தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் நாம் அந்தக் கதையிலிருந்து பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கிற பாடம் என்ன? தலைவர் சொன்னார், எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள், ஆசீர்வாதம் வந்தது. ஏன் என்று கேட்க ஒருவரும் இல்லை, கேட்காமல் இருப்பதுதான் பக்தி. விசாரணையில் வெளிவந்ததும் அதே வார்ப்புதானே? அவர் சொன்னார், எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள். கேட்க ஒருவரும் இல்லை.

நம் பக்கத்து வாலிபர் கூட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு 'அண்ணன்' என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. பிரசங்கம் பண்ணும் அண்ணன், பாட்டு நடத்தும் அண்ணன், முகாம் நடத்தும் அண்ணன். அவருடைய பையையும் வேதாகமத்தையும் யார் தூக்குவது என்பதற்கே பையன்களுக்குள் போட்டி. பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனால் அவன் ராஜா. ஒரு வாரம் அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் அவனுக்குச் சோறு இறங்காது. முகாமில் இரவு பத்து மணிக்கு மேல் "தனியா ஜெபிக்கணும், ரூமுக்கு வா" என்று கூப்பிட்டால் எந்தப் பையனும் முடியாது என்று சொல்ல மாட்டான், எந்தத் தாயும் தகப்பனும் தப்பாக நினைக்க மாட்டார்கள். என் மகன் ஊழியக்காரர் கூட இருக்கிறான் என்று பெருமைதான் படுவார்கள். அண்ணன்மார்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், பலர் சொந்தக் காசைப் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள். நான் பேசுவது அவர்கள் குணத்தைப் பற்றி அல்ல, ஏற்பாட்டைப் பற்றி. ஒரு மனுஷரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி ஒரு ஏற்பாடு நிற்கிறதென்றால், அந்த ஏற்பாடு சரியில்லை.

இதை ஒரு கமிட்டியில் எழுப்பினேன். "டீச்சர், வெள்ளைக்காரன் ஊர் அசிங்கத்தை நம்ம ஊருக்குக் கொண்டு வராதீங்க" என்று ஒரு பெரியவர் சொன்னார். அந்த ஊர்ப் பாட்டு மட்டும் வரலாமோ என்று கேட்டேன். பதில் இல்லை, காப்பி வந்துவிட்டது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையோடு ஆலோசனையோ ஜெபமோ எதுவானாலும் கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் கண்ணெதிரே நடக்கட்டும். முகாமில் தலைவர் அறையும் பிள்ளைகள் அறையும் வேறு வேறாக இருக்கட்டும். பாட்டுக் குழுவில் யார் முன்னால் நிற்பது, யார் விலக்கப்படுவது என்பதை ஒரே ஒருவர் தீர்மானிக்க வேண்டாம். மேடை கிடைக்குமா கிடைக்காதா என்ற பயம்தான் திறமையுள்ள பிள்ளையின் வாயைக் கட்டிப்போடுகிறது. புகார் சொல்ல ஆயரையும் அண்ணனையும் தவிர வேறொருவர், முடிந்தால் ஒரு பெண், சேகரத்தில் இருக்கட்டும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சபை மானம், ஊழியத்தின் பெயர் என்றெல்லாம் மூடி மறைத்தால் 21-ஆவது பிரிவின்படி மறைத்தவருக்குச் சிறை உண்டு, நிறுவனத்தின் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை. ஆனால் பதினெட்டைத் தாண்டிய பையன்களை இந்தச் சட்டம் காக்காது. வாட்ஃபோர்டில் மசாஜுக்கு ஆளான பலர் அந்த வயதினர், படிப்பு முடித்து ஊழியப் பயிற்சிக்கு வந்தவர்கள். நம் டீம்களிலும் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்கான விதியைச் சபையே எழுதிக்கொள்ள வேண்டும்.

கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் இப்படிச் சொல்லுங்கள். தகப்பனை இழந்து, வீட்டிலும் சபையிலும் நம்பிய இடத்தில் எல்லாம் அடிபட்ட ஒரு பையன் பாட்டு எழுதினான், உலகமே பாடியது. வளர்ந்து பெரியவனாகி, தனக்கு நடந்ததை உலகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அவனைப் போன்ற மற்றவர்களின் பேச்சோடு அவன் பேச்சும் சபையேறியது. ஸ்பீக்கரைக் கழற்றியதைவிட இதற்குத் துணிச்சல் அதிகம் வேண்டும்.

அந்த பேஸ் பையன் போன ஞாயிறும் 'ஹார்ட் ஆஃப் ஒர்ஷிப்' வாசித்தான். திரையில் பாட்டுக்குக் கீழே எழுதியவர் பெயரைப் போட வைத்திருக்கிறேன். மே மாத முகாமுக்கு நோட்டீஸ் அடிக்கும் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சிறப்புச் செய்தியாளர் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம்.